மதில் கட்டினால் கையெழுத்து இல்லை

கண்ணு,

சாப்பாட்டு மேசையில் நீ வைத்துவிட்டுப் போன பத்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கிறேன். "சும்மா ஒரு கையெழுத்துதானுங்கம்மா, திங்கக்கெழம கான்ட்ராக்டர் வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு நீ படியிறங்கிப் போய்விட்டாய். சும்மா ஒரு கையெழுத்து என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இருபத்தெட்டு வருடம் நம் கம்பெனியின் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் நான். தைத்து வந்த ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் பெட்டிக்குள் விட்டேன். பத்திரத்தையும் அப்படித்தான் பார்த்தேன், மூன்று முறை. வெள்ளகோவில் போகிற வழியில் என் அப்பா, உன் அப்புச்சி, எனக்கு எழுதிக் கொடுத்த நாலு ஏக்கர் கொறங்காட்டில், மாடு மேயும் அந்தப் புல் நிலத்தில், உன் மகள் மிதுனா பைக் ரேஸ் பழக ஒரு டிராக் போடப்போகிறாய். அதைச் சுற்றி எட்டடி உயரத்துக்கு மதில். இரும்பு கேட். வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர். வெளிநாட்டிலிருந்து மூன்று குட்டி பைக்குகள். ஓட்டப் போவது ஒரே ஒரு பிள்ளை, வயது பத்து.

இதையெல்லாம் நேரில் சொல்லலாம். ஆனால் நேரில் பேசினால் நீ போனைப் பார்ப்பாய், நான் குரலை உயர்த்துவேன், உன் மனைவி நடுவில் வந்து காபி கொடுப்பாள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கான்வென்ட் விடுதியில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தார்கள். கோபம் வந்தால் எழுது, எழுதியதைத் திரும்பப் படி, தேவையில்லாததை நீக்கு என்பார்கள். நிறைய நீக்கிவிட்டேன். மிச்சமிருப்பதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும், நின்றுகொண்டு அல்ல.

போன வாரம் உங்கள் பனியன் முதலாளிகள் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நீ பேசினாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். சில நாடுகள் மட்டும் ஏன் பெரிய பெரிய மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களை உருவாக்குகின்றன, நாம் ஏன் உருவாக்கவில்லை என்பது தலைப்பு. நல்ல தலைப்புதான். திரையில் படம் போட்டு ஒவ்வொரு காரணமாகச் சொன்னாய். அவர்களிடம் பணம் இருக்கிறது, நல்ல சாலை இருக்கிறது, அரசாங்கம் உதவுகிறது, நம் பிள்ளைகளுக்குத் துணிச்சல் போதாது. கடைசியில் முன்வரிசையைக் கையால் காட்டினாய். "எல்லாத்தையும் விடுங்க. நம்ம ஊர்ல ரேஸர் வராததுக்கு முக்கியமான காரணம் யாருன்னா, இதோ முன்னாடி உக்காந்திருக்காங்களே எங்கம்மா, இவுங்களாட்டம் அம்மாக்கதானுங்க" என்றாய். மண்டபமே சிரித்தது. பக்கத்திலிருந்த அம்மாள் என் தொடையைத் தட்டி, "ஏனுங்க அக்கா, உங்களையே வாரிட்டானுங்களே!" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருந்ததில் தாடை வலித்தது.

வலி அதனால் மட்டும் இல்லை. நீ சொன்ன காரணம் ஒரு விதத்தில் சரி என்பது எனக்குத் தெரியும். எந்த விதத்தில் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ தப்பாகச் சொன்னவற்றை முடித்துக்கொள்வோம்.

பணம்தான் காரணமென்றால் உலகத்தில் எத்தனையோ பணக்கார நாடுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் மகள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தானே டிவியில் ரேஸ் பார்க்கிறாள்? எனக்கும் கண் இருக்கிறது. திரையின் ஓரத்தில் பெயருக்குப் பக்கத்தில் வரும் சின்னக் கொடிகளைப் பார்க்கிறேன். ஸ்பெயின், இத்தாலி, மறுபடியும் ஸ்பெயின், மறுபடியும் இத்தாலி. பெரிய பெரிய பணக்கார நாடுகளின் கொடியைக் காணோம். சரி, துணிச்சலா? மாலை ஆறு மணிக்குப் பல்லடம் ரோட்டில் ஐந்து நிமிடம் நின்று பார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் போனுடன் போகிறார்கள். துணிச்சலுக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் எல்லாக் கோப்பையும் திருப்பூருக்கே வந்திருக்கும்.

எனக்கு இதற்குப் பதில் சொன்னவர் நம்மிடம் டி-ஷர்ட் வாங்கிக்கொண்டிருந்த இத்தாலிக்காரர். உனக்கு நினைவிருக்கும், குண்டாக, சாப்பிடும்போது காலரில் கைக்குட்டை செருகிக்கொள்வாரே, அவர்தான். உன் அப்பா இருந்த காலத்தில் ஒரு நாள் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு பைக் சத்தம் கேட்டது. உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய ஊரில் தக்காளித் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிராக் இருந்ததாம். நம் வீட்டு மாடியைப்போல நாலு மடங்கு இருக்கும், அவ்வளவுதான். முழங்கால் உயர வண்டிகள். ஏழு வயதிலிருந்து வாராவாரம் அங்கே ஓட்டினாராம். அவருடைய அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அலறுவாராம், வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வாராம். அம்மாக்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே வயிறுதான், கண்ணு. ஆனால் அங்கே பிள்ளை முதல் தடவை விழுவது முழங்கால் உயரத்திலிருந்து, தோல் சிராய்த்து எழுந்துவிடுகிறான். இங்கே கல்லூரியில் இடம் கிடைத்ததற்குப் பரிசாகப் பதினெட்டு வயதில் பெரிய வண்டியை வாங்கிக் கொடுக்கிறோம். முதல் தடவை விழுவதே லாரிக்கு முன்னால்.

"ஜெயித்தீர்களா?" என்று உன் அப்பா அவரிடம் கேட்டார். அவர் நெஞ்சில் கையை வைத்து, "எப்போதும் ஒன்பதாவது" என்றார். எத்தனை பேரில் என்று கேட்டேன். ஒன்பது பேரில் என்றார். சொல்லிவிட்டு அவ்வளவு பெருமையாகச் சிரித்தார். அவர்களில் முதலாவதாக வந்த பையன் பின்னால் பெரிய வீரனாகி டிவியில் வந்தானாம். "நாங்கள் எட்டுப் பேர் துரத்தாவிட்டால் அவன் யாரைக் கண்டு பயந்து வேகமாக ஓட்டியிருப்பான்?" என்று கேட்டார். நான் ரசம் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.

இதை உனக்கு இத்தாலிக்காரர் வந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நீ திருப்பூர்க்காரன். உலகத்தில் எத்தனையோ ஊரில் பருத்தி விளைகிறது, எத்தனையோ ஊரில் இதைவிட நல்ல தண்ணீர் இருக்கிறது. இந்த ஊர் ஏன் உலகத்துக்கே பனியன் தைக்கிறது? நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் உன் அப்பா நாலு தெரு நடந்து போய் வாங்கி வந்துவிடுவார். நம் காலர் கொஞ்சம் தொளதொள என்று இருந்தது, எதிர்வீட்டு யூனிட்காரர் அதைவிட நன்றாகப் போட்டு நம் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனார். உன் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவர் போட்ட காலரை எதிர்வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "என்னுங்க, எங்களைத் தூங்க உடமாட்டீங்களாட்டம் இருக்குது" என்றார். அப்படித்தான் இந்த ஊர் வளர்ந்தது. அடுத்த வீட்டுக்காரன் விடாமல் துரத்தியதால் வளர்ந்தது. ஒரே ஒரு யூனிட்டை மதில் கட்டி உள்ளே வைத்திருந்தால் அது இன்னும் கோவணத் துணிதான் நெய்துகொண்டிருக்கும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இதே கதைதான். நூல் பின்னுவதற்குப் பதிலாகப் பிள்ளைகள் வளைவில் சாய்கிறார்கள்.

எனக்கே இது சின்ன வயதில் நடந்தது. கான்வென்டில் என்னோடு ஒரு பெண் படித்தாள். கணக்கில் அவள் முதல், நான் இரண்டாவது. அடுத்த மாதம் நான் முதல், அவள் இரண்டாவது. அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒன்பதாம் வகுப்பில் அவள் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இனி நான்தான் ராணி என்று நினைத்தேன். அந்த வருடம் முழுக்க நான்தான் முதல், ஆனால் மதிப்பெண் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது. சிஸ்டர் என் விடைத்தாளைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். அந்தத் தாளின் பின்பக்கம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தவள் நான். தெரிந்தும்தான் உனக்கு அதைச் செய்தேன்.

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

உனக்குப் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கொறங்காட்டில் நீயும் மூன்று பையன்களும் வண்டி ஓட்டினீர்கள். நம் யூனிட்டில் நூல் சுற்றி வந்து காலியான காகிதக் கோன்களை வரிசையாக நிறுத்தி வளைவு வளைவாகப் பாதை போட்டிருந்தீர்கள். அந்த மூவரில் ஒருவன் ஜெபராஜ். அவன் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பா டெய்லர். அம்மா ரெஜினா என் செக்கிங் பிரிவில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் அப்பாவின் பழைய மொபெட்டில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் துணி மூட்டை கட்டிக்கொண்டு நிட்டிங் யூனிட்டுக்கும் சாயப்பட்டறைக்கும் நடையடிப்பான். மூட்டை இல்லாத மொபெட் அவனுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாலு பேருக்கும் அரிசியும் பருப்பும் சாதம் கிளறி, ஊத்துக்குளி நெய் ஊற்றி, தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு சொல்லாமல் வந்தேன். உள்ளே வரவில்லை. கிளுவை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஐந்து தடவை ஓட்டினீர்கள். ஐந்து தடவையும் ஜெபராஜ் முதலில் வந்தான். நீ புது வண்டியில், அவன் அந்த ஓட்டை மொபெட்டில். கடைசித் தடவை நீ வளைவில் வழுக்கிப் புல்லில் உருண்டாய். என் உயிர் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்புவாய், மண்டபத்தில் இருந்தவர்களும் நம்புவார்கள். ஆனால் அது பொய். நீ எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அடுத்த வாரம் பாருடா ஜெபா, உன்ற வண்டிக்கு மூட்டையே கட்டி உடுறேன்" என்றாய். அவன், "மூட்டை கட்டுனா இன்னும் நல்லா ஓட்டுவன்டா" என்றான். தோற்றவன் இப்படிச் சிரிக்கிறானே என்றுதான் எனக்கு எரிந்தது. என் பிள்ளை, என் யூனிட்டில் பிசிறு வெட்டுகிறவளின் மகனிடம் வாராவாரம் தோற்கிறான், அதில் அவனுக்குச் சந்தோஷம் வேறு. தூக்குப்போசியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த வாரமே மூன்று அம்மாக்களிடமும் பேசினேன். இரண்டு பேரிடம் ஆபத்து, போலீஸ், படிப்பு என்று சொன்னேன். ரெஜினாவிடம் அவ்வளவுகூடச் சொல்லவில்லை. "உன் பையனை இனிமேல் அங்கே அனுப்பாதே" என்றேன், வேலை நேரத்தில், என் மேசைக்கு வரச்சொல்லி. அவள் கையிலிருந்த கத்தரியைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம அவனுக்கு அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. சரிம்மா, இனும போவ மாட்டான்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? சம்பளம் கொடுக்கிறவள் கேட்டால் அது கேட்பதா?

பிறகு நான் நல்ல அம்மா ஆனேன். உனக்கு இருப்பதிலேயே நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். உன் அப்பா ஸ்டாப்வாட்ச் வாங்கித் தந்தார். "யாரும் வர மாட்டேங்கறாங்கம்மா, பயந்துட்டானுக" என்று நீ சொன்னாய், "பரவால்ல சாமி, நீ தனியா ஓட்டு, இடிக்க ஆளில்லை" என்று நான் சொன்னேன். இரண்டு வருடம் நீ கடிகாரத்தோடு பந்தயம் விட்டாய். கடிகாரம் உன்னை முந்தாது, குறுக்கே வராது, கிண்டல் பண்ணாது. கோயமுத்தூர்ப் பக்கம் நடந்த அந்த முதல் நிஜமான பந்தயத்தில் நீ கடைசிக்கு முந்தினவனாக வந்தாய். திரும்பி வரும்போது காரில் கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாய். அவிநாசி தாண்டியதும் சொன்னாய்: "எல்லாரும் ஒண்ணா வளைவுக்குள்ள வந்துட்டாங்கம்மா. என்ன பண்றதுன்னே தெரியல." நான் உன் தலையைத் தடவினேன். காரணம் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினாய், நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆக, மண்டபத்தில் நீ கை நீட்டியது சரியான ஆளைத்தான். ஆனால் நான் பயந்ததால் நீ ரேஸர் ஆகாமல் போகவில்லை. பயந்த அம்மாக்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டுப் போகட்டும். நான் உன்னைத் துரத்த ஆளில்லாமல் செய்துவிட்டேன்.

புதன்கிழமை டிரைவரை அழைத்துக்கொண்டு மண்ணரைக்குப் போனேன். ஜெபராஜ் அங்கே டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, வண்டி ஏதாச்சும் ரிப்பேருங்களா?" என்றான். ரிப்பேர் வண்டியில் இல்லை என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டான்.

"உக்காருங்கம்மா. எனக்குத் தெரியுமுங்க. எங்கம்மா அன்னைக்கே சொல்லிருச்சு."

"அவன்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அவன் உங்ககூடச் சண்டை போடுவான். எங்கம்மாவுக்கு வேலை போயிரும். அப்புறம்…" என்று கொஞ்சம் யோசித்தான். "அவன் தனியா ஓட்டுறத ஒருநா வேலி ஓரமா நின்னு பாத்தனுங்க. வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் புடிச்சான். கத்திச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. இப்பவும் அப்படித்தான் புடிக்கிறானுங்களா?"

இப்போது காரில் போகிறான், அதிலும் அப்படித்தான் பிடிக்கிறான், எனக்கு முதுகு வலிக்கிறது என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். இந்தத் தடவை தாடை வலிக்கவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் ஒரு யூனிட்டின் காலியிடத்தைக் காட்டினான். பழைய சாமான்களைச் சேர்த்து அவன் கட்டிய ஒரு குட்டி பைக் அங்கே நின்றது. முழங்கால் உயரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் வருவார்களாம், அதில் இரண்டு பேர் ஒடிசாக்காரத் தொழிலாளியின் பெண்கள். ஒரே வண்டி. ஒவ்வொருவராக ஓட்ட, போனில் நேரம் பார்க்கிறார்கள். கடைசியாக வந்தவர் வண்டியைத் துடைக்க வேண்டும். "பாஷை புரியாதுங்க, கிண்டல் மட்டும் நல்லாப் புரியுது" என்றான். ஏழு பிள்ளைகளுக்கு ஒரு வண்டி அங்கே. ஒரு பிள்ளைக்கு மூன்று வண்டி இங்கே. உன் பேச்சுக்கு இதைவிட நல்ல படம் கிடைத்திருக்காது, திரையில் போட்டிருக்கலாம்.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். மதிலைப் பற்றிய பத்தியையும் இரும்பு கேட்டைப் பற்றிய பத்தியையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். கிளுவை வேலி போதும், அதில் இருக்கிற மூங்கில் படல் போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அது திறந்திருக்க வேண்டும். அந்த ஏழு பேரும் நம் கம்பெனி வேனில் வரட்டும், மிதுனா எட்டாவது. மூன்று வண்டியையும் எல்லாரும் மாற்றி மாற்றி ஓட்டட்டும். ஹெல்மெட் எட்டு வாங்கு, ஒன்றுக்கொன்று மட்டமாக இல்லாமல். சொல்லிக்கொடுக்க ஜெபராஜைக் கேள். மேனேஜரை அனுப்பக்கூடாது, நீ போ. அவன் முடியாது என்றால் அந்த மறுப்பையும் நீயே நின்று கேட்டுக்கொள். நான் அவனிடம் மன்னிப்பு மட்டும்தான் கேட்டேன், டிராக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது நீங்கள் இருவரும் பேச வேண்டியது. இதற்குச் சம்மதமென்றால் சுருக்கொப்பங்களுக்குக் கீழே நீயும் போடு, அதன்பிறகு கடைசிப் பக்கத்தில் நான் போடுகிறேன். சம்மதமில்லையென்றால் மாடுகள் மேயட்டும், அவற்றுக்கு அந்தப் புல் பிடிக்கிறது.

உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டும். நாலு நாள் பேசாமலிருந்தாலும் நான் ஏனென்று கேட்க மாட்டேன். ஆனால் ஒன்றை யோசி. மிதுனாவுக்கு நீ மதில் கட்டுவது பாதுகாப்புக்காகத்தானா? அவள் யாரிடமாவது தோற்பதை நீ பார்க்க வேண்டாம் என்பதற்காகவா? நம் வீட்டில் இந்த நோய் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன். மண்ணரைப் பிள்ளைகளிடம் அவள் முதல் வாரம் தோற்பாள். இரண்டாம் வாரமும் தோற்பாள். வண்டியைத் துடைப்பாள். அப்போது நீ வாயைத் திறக்கக்கூடாது. நானும் திறக்க மாட்டேன். எனக்குத்தான் உன்னைவிடக் கஷ்டம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. வேலிக்கு உள்ளே போடு. அரிசியும் பருப்பும் சாதம் எட்டுப் பிள்ளைகளுக்கும், உனக்கும், ஜெபராஜ் வந்தால் அவனுக்கும் சேர்த்துக் கிளறிக் கொண்டுவருகிறேன். இந்தத் தடவை தூக்குப்போசி காலியாகத்தான் வீட்டுக்குத் திரும்பும்.

ஊறுகாய் ஜாடியை எடுத்த இடத்தில் வை.

அம்மா